ஏழு நிமிடம்

மெல்ல, இன்னும் மெல்ல, கடவுளே, ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்து இதைவிட மெல்ல வாசிக்க முடியுமா என்று நான் நினைத்து முடிக்கவில்லை, ஐரிக் இடக்கையைத் தாழ்த்தி அவர்களை இன்னும் மெல்லப் போகச் சொல்கிறான், கண்ணை வேறு மூடிக்கொள்கிறான். முப்பத்துநாலு வயது, நல்ல பிள்ளை, வாத்தியக் குழுவை நடத்துகிற அந்தக் குச்சியைப் பிடித்திருக்கும் விதமே ஒரு அழகு. காலையில் வாசலில் நின்று என் கையை இரண்டு கையாலும் பிடித்து, அன்ரன், உன்னுடைய இசையை மிகுந்த மரியாதையோடு வாசிப்போம் என்றான். நோர்வேஜிய மொழியில் 'நீங்கள்' என்ற சொல் புழக்கத்தில் கிடையாது, எல்லாருக்கும் எல்லாரும் நீதான், முப்பத்தெட்டு வருடத்தில் அது பழகிவிட்டது, இந்த மரியாதைதான் பழகவில்லை. மரியாதை என்றால் மெல்ல. மரியாதை என்றால் கண்ணை மூடுவது. நான் எழுதியது ஏழு நிமிடம். முதல் தரம் வாசித்தபோது போனில் நேரம் பிடித்தேன், பதினொரு நிமிடம் இருபது விநாடி. அந்த நாலு நிமிடத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? இசைத்தாளின் தலையிலேயே வேகம் எத்தனை என்று எண் போட்டிருக்கிறேன், பக்கத்தில் 'குதூகலமாக' என்றும் எழுதியிருக்கிறேன், அவர்களுடைய மொழியிலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாம் தரம் தொடங்க முன் ஐரிக் செலோக்காரர்களிடம் ஒன்பது நிமிடம் கடலின் மூச்சைப் பற்றிப் பேசினான். என்ன கடல்? இதில் எங்கே கடல் இருக்கிறது? இப்போது பத்து இருபத்தொன்பது. பதினொரு மணிக்குக் கோப்பி. பதினொன்று என்றால் பதினொன்றுதான், பாதிச் சுரத்தில் நின்றாலும் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள், அது அவர்களுடைய உரிமை. நாளைக்குப் பின்னேரம் ஏழு மணிக்குக் கச்சேரி. இந்த ஒரு மணித்தியாலத்தைத் தவிர எனக்கு வேறு ஒத்திகை இல்லை. தொள்ளாயிரம் வெறும் கதிரைகளுக்கு நடுவே ஐந்தாம் வரிசையில் நான் இருக்கிறேன், பக்கத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இங்வில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள், வயலின்கள் சவ ஊர்வலம் போல் நகர்கின்றன, அவள் என் பக்கம் சாய்ந்து, "எனக்கு அலை கேட்கிறது" என்று கிசுகிசுக்கிறாள். அது அலை இல்லை. அது கத்தி தீட்டுகிற சத்தம்.

கத்தி, அம்மா, கத்தி. மீன் வெட்டுகிற கத்தி. எண்பத்தாறில் வந்து இறங்கியபோது என்னை அனுப்பியது நாட்டின் வட முனையில் இருந்த ஒரு மீன் தொழிற்சாலைக்கு. ரப்பர் ஏப்ரன், ரப்பர் சப்பாத்து, விரல் விறைத்துப் போகும் குளிர், நீளமான உருக்கு மேசை, நடுவே ஓடுகிற பட்டி, அதில் முடிவில்லாமல் வரும் கொட் மீன். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் பருத்தித்துறைப் பெடியன் ஒருவனும், அந்தப் பக்கம் நாலு நோர்வேஜியப் பெண்கள். அதில் குட்ரூன் என்றொருத்தி, ஐம்பது வயது இருக்கும், தோள் இரண்டும் கதவு அகலம், வாயைத் திறந்தால் தூஷணம். யார் முதலில் பெட்டியை நிரப்புவது என்று போட்டி. கத்தியை உருக்குக் கம்பியில் உரசித் தீட்டுவாள், சர்க் சர்க், நான் பதிலுக்குத் தீட்டுவேன், சர்க் சர்க் சர்க், அவள் வேகமாய், நான் அதைவிட வேகமாய், மீன் வெட்டாமல் கத்தி தீட்டியே சண்டை பிடிப்போம். காலை வணக்கம் சொல்லத் தெரியாமல் நின்ற எனக்குக் காலை வணக்கம் என்று அவள் ஒரு சொல்லைச் சொல்லித் தந்தாள். அடுத்த நாள் முகாமையாளர் வந்தபோது நான் நிமிர்ந்து நின்று கையை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னேன். அது அவருடைய தாயைப் பற்றியது. ஒரு கணம் பட்டி ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு குட்ரூன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள், முகாமையாளரே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், என்ன சொன்னேன் என்று தெரியாமலே நானும் சிரித்தேன், மீனை எடுக்க ஆளில்லை, பட்டி நிற்கவில்லை, மீன்கள் வரிசையாக வந்து முனையில் தொப் தொப்பென்று நிலத்தில் விழுந்தன. அவ்வளவு சிரிப்பு நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. இதுதான் இந்த இசை. முதலில் கத்திச் சண்டை, பிறகு அந்தச் சொல், பிறகு சிரிப்பு, கடைசியில் ட்ரொம்போன்கள் மீனைக் கீழே போடும். மூன்று வருடம் இருந்து எழுதினேன். தலைப்பு 'மீன் மேசை'. அச்சடித்த கையேட்டில் 'தொலைவின் கடல்' என்று இருக்கிறது.

அதோ வலப்பக்க வயலின்கள் பதில் சொல்கின்றன, கத்தி தீட்டவில்லை, கத்தியை அடக்கம் பண்ணுகிறார்கள். எரிச்சலில் காது சுடுகிறது. ஆனால் நான் ஏன் ஆச்சரியப்படுகிறேன், எனக்கு இது புதிதா? முதல் முதல் இந்த நாட்டில் நான் என் சொந்த மெட்டை வாசித்தது எண்பத்தெட்டில், தேவாலயத்தின் நிலவறையில், அகதிகளுக்காக நடத்திய ஒரு மாலையில். பழைய ஆர்மோனியம் ஒன்று. நான் வாசித்தது ஒரு துள்ளல் மெட்டு, கலியாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் பந்திக்கு நடுவே ஓடித் திரிவதை நினைத்துப் போட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தால் எல்லாரும் அழுகிறார்கள். ஒரு முதிய அம்மா என் கையைப் பிடித்து, எவ்வளவு துன்பம், எவ்வளவு துன்பம் என்றாள். நன்றி என்றேன். அன்றைக்கு நன்றி சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்த நன்றிக்குப் பின்னால் வந்தவைதான். பத்திரிகையாளர்கள் ஒவ்வொருவராக வந்து, இசையமைக்கும்போது தாய்நாட்டின் ஒலி கேட்கிறதா என்று கேட்டார்கள். ஒருமுறை, குளிர்சாதனப் பெட்டியின் ஒலிதான் கேட்கிறது, பின்பக்கம் ஏதோ பழுது என்றேன். சிரித்தார்கள், அச்சில் அது வரவில்லை. நம்முடைய ஆட்கள் மட்டும் என்ன, போன கிழமையும் தமிழ்ச் சங்கத்துச் சபாநாதன் அண்ணை போன் எடுத்து, "தம்பி, நினைவு நாளுக்குப் புதுசா ஒரு பாட்டு வேணும், வயலின் அழவேணும், கேக்கிற சனம் எழும்பிப் போகேலாமல் அழவேணும்" என்றார். போன வருசமும் அழுததுதானே அண்ணை என்றேன். "அது காணாது" என்றார். இதெல்லாம் போதாதென்று என் வேலை என்ன, மயானத்துச் சிற்றாலயத்தில் ஓர்கன் வாசிப்பது. கிழமைக்கு மூன்று சவம், சில கிழமை நாலு. இருபத்திரண்டு வருடமாகக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்நியர்களின் அப்பா அம்மாமாரை வழியனுப்பி வைக்கிறேன், அது நல்ல வேலை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிவிட்டு எழுதுவதாவது கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நினைத்தால் அது குற்றமா? துயரம் இல்லையென்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. என் அக்கா எண்பத்தேழில் சமைத்துக்கொண்டு நின்றபோது குசினிக்குள் செல் குண்டு விழுந்து போனாள், செய்தி எனக்கு மீன் மேசையில் வைத்துத்தான் வந்தது, குட்ரூன்தான் என் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். அதை நான் இசையாக்கியதே இல்லை. இத்தனை வருடம், இத்தனை புலம்பல், ஒன்றிலும் அக்கா இல்லை. அவளை ஒருவருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன்.

போன் தொடையில் அதிர்கிறது. மனைவி யசிந்தா. முதியோர் இல்லத்தில் காலை வேலை, தேநீர் இடைவேளையில் எழுதியிருக்கிறாள். 'சபாநாதன் அண்ணை நாளைக்கு மேடையில பொன்னாடை போத்தப் போறாராம். கோட்டைக் கழட்டிப்போட்டு நிக்கட்டாம். ஒத்திகை எப்பிடிப் போகுது?' எப்பிடிப் போகுது. மெல்லப் போகுது. எழும்பிச் சொல்ல வேண்டியதுதானே, கையை உயர்த்தி, ஐரிக், ஒரு நிமிடம், இது பிழையான வேகம். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எழுதியவன் பேசலாம், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐரிக் முதல் தரம் முடித்ததும் திரும்பி, "அன்ரன், உனக்குச் சந்தோசமா?" என்று கேட்டானே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அறுபத்து மூன்று வயது மனிதன், பெருவிரலைக் காட்டினேன். அந்த விரலை வெட்டிப் பட்டியில் போட்டிருக்க வேண்டும். ஏன் வாய் வரவில்லை? பயம். எதற்குப் பயம், வேலை போய்விடுமா, நாடு கடத்துவார்களா, கடவுச்சீட்டு வாங்கியே முப்பது வருடம். அது இல்லை. அவன் மேசையில் இசைத்தாளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி இருக்கிறது, மடித்தது, நான் இங்கிருந்தே பார்க்கிறேன், அது எனக்குத் தெரிந்த கடதாசி, அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். ஒத்திகையைப் பற்றி நினை. பத்து முப்பத்துநாலு. இங்வில் கண்ணைத் துடைக்கிறாள். இங்வில், உனக்கு என்ன வந்தது, நீயும் மீன் ஊர்க்காரிதானே, உனக்கே கத்தியின் சத்தம் தெரியாதா? தலைப்பை மாற்றலாமா என்று இவள் போனில் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? ஓம், நன்றாக இருக்கிறது என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம். குறை சொல்ல ஆள் தேடினால் இங்வில், ஐரிக், சபாநாதன் அண்ணை, எண்பத்தெட்டில் அழுத அந்த அம்மா, அவ உயிரோடுகூட இருக்கமாட்டா. எங்கே சுற்றினாலும் மனம் திரும்பத் திரும்ப அந்த வெள்ளைக் கடதாசியில் போய் முட்டுகிறது.

சரி. அந்தக் கடதாசியை எழுதியது நான். என் இசையை வாசிக்கச் சொல்லி இந்தக் குழுவுக்கு அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் உண்மையைத்தான் எழுதினேன்: மீன் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய வேடிக்கையான சிறிய இசை, ஏழு நிமிடம். மூன்று மாதம் கழித்து மறுப்பு வந்தது, பண்பான மறுப்பு, உன்னுடைய பின்னணி இதில் எப்படி வெளிப்படுகிறது என்று தெளிவாக இல்லை என்று. அடுத்த வருடம் கொஞ்சம் மாற்றி அனுப்பினேன், அதற்கும் அதே. மூன்றாம் வருடம் குசினி மேசையில் இருந்து, ஒரு எரிச்சலில், ஒரே மூச்சில் எழுதினேன்: 'கடலுக்கு அப்பால் இழந்துபோன வீட்டுக்காக ஒரு புலம்பல்.' யசிந்தா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, எந்த வீடு? அந்த வீட்டில உங்கட தம்பி ஏசி போட்டுக்கொண்டு இருக்கிறான்" என்றாள். "நீர் சும்மா இரும், இப்பிடி எழுதினால்தான் வாசிப்பாங்கள்" என்றேன். "வாசிக்கட்டும், ஆனா எதை வாசிப்பினம்?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். மூன்று கிழமையில் ஓம் என்று பதில் வந்தது. இசையில் ஒரு சுரத்தைக்கூட நான் மாற்றவில்லை, அதே கத்தி, அதே சிரிப்பு, மேலே மட்டும் ஒரு வசனம். அந்த ஒரு வசனம்தான் இப்போது நாலு நிமிடம் இருபது விநாடியாக நீண்டு கிடக்கிறது. ஐரிக்கின் மேல் பிழை இல்லை. அவன் நான் எழுதியதைத்தான் வாசிக்கிறான், இசையை அல்ல, கடதாசியை. இது தெரிந்துகொண்டு இங்கே இருந்து பல்லைக் கடிப்பது எவ்வளவு கேவலம் என்று நினைக்கும்போதே நடு இடம் வருகிறது, அந்தச் சொல் வரும் இடம், ஓபோக் குழல் தனியாக அந்தத் தூஷணத்தை நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும், ஓபோக்காரன் அதைச் செபம் போலத் தொடங்குகிறான், குட்ரூனின் தூஷணத்தைச் செபமாக, முகாமையாளரின் தாயைப் பற்றிய அந்தச் சொல்லை, என் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்துவிட்டது, நான் எழும்பி நிற்கிறேன்.

"நிப்பாட்டு" என்றேன். வெறும் மண்டபத்தில் அது பெரிதாகக் கேட்டது. ஐரிக் கண்ணைத் திறந்தான். வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. "இது பிழையான வேகம். ஒன்றரை மடங்கு வேகமாகப் போக வேண்டும்." ஐரிக் திகைக்கவில்லை, பண்பாகத் தலையை ஆட்டினான், வேக எண்ணைப் பார்த்தேன், அது அச்சுப்பிழை என்று நினைத்தேன் என்றான். குதூகலமாக என்ற சொல்லை என்ன செய்தாய் என்றேன். "அதைக் கசப்பான பகிடி, உள்ளே அழுதுகொண்டு சொல்கிற வேடிக்கை என்று எடுத்தோம்" என்றான். பிறகு அந்த வெள்ளைக் கடதாசியை எடுத்து விரித்தான். நான் பயந்தது இதற்குத்தான். "அன்ரன், நீயே எழுதியிருக்கிறாய், இழந்துபோன வீட்டுக்காக ஒரு புலம்பல். புலம்பலை இந்த வேகத்தில் எப்படி வாசிப்பது?" ஐம்பத்திரண்டு முகம் என்னைப் பார்க்கிறது. பக்கத்தில் இங்வில் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்கிறது. நாக்கில் ஒரு பெரிய ஓம் வந்து குந்தியிருக்கிறது, ஓம் ஐரிக், நீ சொல்வது சரி, தொடரு. அதைச் சொல்லிவிட்டால் எவ்வளவு சுகம். "அது பொய்" என்றேன். "நீங்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. இது புலம்பல் இல்லை. இது வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலை. வயலின்கள் இரண்டு பிரிவும் கத்தி தீட்டிச் சண்டை பிடிக்கின்றன. ஓபோ சொல்வது ஒரு கெட்ட வார்த்தை." என்ன வார்த்தை என்று பின்வரிசையில் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ட்றம்பெட்காரி, நரைத்த கட்டை மயிர், ஐம்பது வயது. நான் சொன்னேன். குட்ரூன் சொல்லித் தந்தபடி, வடக்கத்தி உச்சரிப்போடு, நிமிர்ந்து நின்று சொன்னேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள், அவளுக்குப் பக்கத்தில் கொம்பு வாசிக்கிறவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது, கடைசியாக ஐரிக், கழுத்து வரை சிவந்துபோய்ச் சிரித்தான். "இதையா நான் கண்ணை மூடிக்கொண்டு நடத்தினேன்?" என்றான். பத்து நாற்பத்தொன்று.

முதல் தரம் வேகமாகத் தொடங்கியபோது இசைத்தாளின் எட்டாம் கட்டத்தில் எல்லாம் நொறுங்கியது. வில்கள் ஒன்றோடொன்று முட்டின, செலோக்கள் இன்னும் கடலிலேயே நின்றன. ஐரிக் நிறுத்தினான், திரும்பத் தொடங்கினான், பதினைந்தாம் கட்டத்தில் நொறுங்கியது. இசைத்தாளில் பென்சிலால் எழுதுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்கள், முதல் வயலின்காரர், தாடிவைத்த பெரிய மனிதர், என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு துளி மரியாதை இல்லை, அது எனக்கு ஏனோ தேன் போல இருந்தது. மூன்றாம் தரம் போனது. சர்க் சர்க் என்று இடப்பக்கம், சர்க் சர்க் சர்க் என்று வலப்பக்கம், ஓபோ அந்தச் சொல்லை மூக்கால் சொன்னது, ஒரு கணம் எல்லாம் ஓய்ந்தது, பிறகு மரவாத்தியங்கள் சிரிக்கத் தொடங்கின. நான் எழும்பியவன் இருக்கவில்லை, முன்வரிசைக் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறேன், உருக்கு மேசையின் குளிர் உள்ளங்கைக்கு வருகிறது, ரப்பர் சப்பாத்தின் மணம், உப்பு, மீன் செதில் ஒட்டிய குட்ரூனின் முழங்கை. மூன்று வருடம் என் தலைக்குள் மட்டும் கேட்டது வெளியில் கேட்கிறது. முழுக்கச் சரியில்லை. கொம்புகள் பிந்துகின்றன, சிரிப்பு பாதி வழியில் கசங்குகிறது, பிறகு மறுபடி எழும்புகிறது, இதோ ட்ரொம்போன்கள் மீனைத் தூக்கிவிட்டார்கள், முதல் மீன் விழப்போகிறது, பதினொரு மணி. வில்லை வைத்துவிட்டார்கள். நடுவானில் மீன் நிற்கிறது. கதிரைகள் இழுபடுகின்றன, யாரோ கோப்பிக்கு என்ன கேக் என்று கேட்கிறார்கள். நான் கத்தவில்லை, கத்தியிருப்பேன், ஆனால் இரண்டு பேர் எழும்பிப் போகும்போது அந்த மெட்டைச் சீட்டி அடித்துக்கொண்டு போனார்கள்.

இங்வில் கையேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்ரன், எண்ணூறு கையேடு அச்சாகிவிட்டது. வானொலியில் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மக்கள் ஒரு புலம்பலுக்காக வருகிறார்கள்." அவளுக்கு உண்மையாகவே நொந்திருந்தது, கண் இன்னும் ஈரம், அந்தக் கண்ணீரை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "நான் எழுதித் தந்ததுதான், மன்னிக்க வேணும்" என்றேன். ஐரிக் மேடை விளிம்பில் குந்தி முகத்தைத் துடைத்தான். "இனி ஒத்திகை இல்லை, உனக்குத் தெரியும். மெல்ல வாசித்தால் பாதுகாப்பு, எல்லாருக்கும் பிடிக்கும். வேகமாக வாசித்தால் நாளைக்கு நடுவழியில் உடையலாம், உடையாவிட்டாலும் பிடிக்காமல் போகலாம். நீ சொல்." நீ சொல். இத்தனை வருடத்தில் என் இசை மோசம் என்று ஒருவரும் எழுதியதில்லை. ஒரு ஆள்கூட. அகதியின் அழுகையை மோசம் என்று எவன் எழுதுவான்? நாளைக்கு எழுதலாம். 'பகிடி எடுபடவில்லை' என்று எழுதலாம், 'மத்திமமான கைவேலை' என்று எழுதலாம், சபாநாதன் அண்ணை பொன்னாடையை மடித்துத் திரும்பக் கொண்டுபோகலாம். இது வேறு வகைப் பயம், இதை நான் பதினெட்டு வயதில் ஒருமுறை பட்டிருக்கிறேன், பாடசாலைப் பாடகர் குழுவுக்கு முதல் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றபோது. "வேகமாக" என்றேன். ஐரிக் என்னைப் பார்த்தான், தலையாட்டினான், கோப்பிக்குப் போனான். நான் வெளியே நடைக்கு வந்து யசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். "நான் நிப்பாட்டிப்போட்டன்." "எதை?" "அவங்கட புலம்பலை. என்ரை புலம்பலை. நாளைக்கு ஆரும் அழமாட்டினம்." அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவரின் இருமல், தள்ளுவண்டிச் சில்லின் சத்தம். "சிரிப்பினமோ?" என்று கேட்டாள். "தெரியாது." "சிரிக்காட்டி?" "சிரிக்காட்டி நான் நல்லா எழுதேல்லை எண்டு அர்த்தம்." "அப்ப நான் சிரிக்கிறனே, அது கணக்கில்லையோ?" என்றாள். உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போனை வைக்கிறேன், தோளில் விரல் தட்டுகிறது. ட்றம்பெட்காரி. ஒரு கையில் ட்றம்பெட், மறுகையில் தன்னுடைய இசைத்தாள், கோப்பி எடுக்கவில்லை. பெயர் பெரிட் என்றாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள், நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தைத் தயார்பண்ணிக்கொண்டேன். "தொண்ணூற்றோராம் கட்டம்" என்றாள். "மோசமாக எழுதியிருக்கிறாய்." என்ன என்றேன். "மெல்லப் போனபோது ஊத முடிந்தது. இந்த வேகத்தில் முடியாது. பதினாறு கட்டம் தொடர்ந்து ஊத வைக்கிறாய், மூச்சு எங்கே எடுப்பது? நீ ட்றம்பெட் வாசித்திருக்கிறாயா?" இல்லை. "தெரிகிறது." எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிரிப்பு நடுவில் நிற்காது, நின்றால் சிரிப்பு இல்லை, அது வேண்டுமென்றுதான் அப்படி எழுதியது என்றேன். "சிரிக்கிற ஆளும் மூச்சு எடுப்பான். எடுக்காவிட்டால் செத்துப்போவான்." நான் நாற்பது வருடமாக எழுதுகிறேன் என்றேன். "நான் முப்பது வருடமாக ஊதுகிறேன்" என்றாள். என்ன மனுசி இது, நன்றாக இருக்கிறது என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்கக் கூடாதா? தாளை அவள் கையிலிருந்து பறித்தேன். மேசை இல்லை, கதிரை இல்லை, நடையின் நிலத்தில் முழங்காலில் இருந்து தாளை விரித்தேன், சட்டைப் பையில் பென்சில் இருந்தது. பதினாறு கட்டம். உண்மைதான், ஒரு இடைவெளியும் இல்லை, எப்படி இதை மூன்று வருடமாகப் பார்க்காமல் இருந்தேன், தலைக்குள் வாசிக்கிறவர்களுக்கு நுரையீரல் இல்லை. அந்தப் பதினாறில் ஆறாம் கட்டத்தில் இரண்டு சுரத்தை வெட்டினேன். பெரிட் சுவரைப் பார்த்துத் திரும்பி ஊதினாள். "இல்லை." வெட்டியதை அழித்து, ஏழில் ஒன்றை எடுத்துக் கொம்புக்குக் கொடுத்தேன், பதினொன்றில் ஒரு அரை ஓய்வு வைத்தேன். ஊதினாள், பாதியில் நிறுத்தினாள். "கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் மோசம்தான்." நடையின் முனையில் இங்வில் தோன்றினாள், பின்னால் ஒலிவாங்கியோடு ஒரு ஆள், "அன்ரன், வானொலியில் இருந்து வந்திருக்கிறார்கள், ஐந்து நிமிடம், கடலைப் பற்றி…" என்றாள், பிறகு தானே நிறுத்தி, "மீனைப் பற்றி" என்றாள். தாளில் இருந்து தலையை எடுக்காமல் கையைக் காட்டி, கொஞ்சம் பொறும் என்றேன், என்ன மொழியில் சொன்னேன் என்று தெரியாது. கோப்பி முடிந்து, வேறொரு இசையின் ஒத்திகைக்கு ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டும் என் காலைத் தாண்டிக்கொண்டும் உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள். பத்தாம் கட்டத்தையே அடியோடு அடித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்தேன். "இப்ப ஊது" என்றேன்.